களைதலும் காத்தலும்

ஒரு கூடைப் பழத்தில் ஒன்று அழுகினால் மற்றவையும் அழுகிவிடும் என்னும் பேச்சு பள்ளிக்கூடங்களில் பல தலைமுறைகளாக வழங்கி வருகிறது. வகுப்பில் ஒரு மாணவன் நெறி தவறி நடக்கும்போது, ஆசிரியர் அறையில் முதலில் எழும் சொல் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். சொல்பவர் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. முப்பது பிள்ளைகளின் நலத்தை எண்ணியே ஒரு பிள்ளையை விலக்கிவிடச் சொல்கிறார். பலரைக் காக்க ஒருவனைக் களைவது அறந்தானே என்பது அவர் வாதம். கேட்பவர்க்கும் அது நியாயமாகவே படுகிறது.

இந்த உவமை தோட்டத்தில் பிறந்தது. செடியையும் கனியையும் பார்த்து மனிதன் கற்றுக்கொண்ட பாடம் இது. ஆகவே, இதனை வகுப்பறைக்குக் கொண்டுவருவதற்கு முன், பிறந்த இடத்திலேயே ஒருமுறை உரசிப் பார்ப்பது முறையாகும். தோட்டத்தில் நோய் எவ்வாறு தோன்றுகிறது? எவ்வாறு பரவுகிறது? விவரம் அறிந்த தோட்டக்காரன் அதனை எவ்வாறு தடுக்கிறான்? எந்த வேளையில் ஒரு செடியை வேரோடு பிடுங்குகிறான்? இவற்றிற்கு விடை கண்ட பிறகே, களைதல் பெரிதா, காத்தல் பெரிதா என்னும் அறவினாவுக்கு விடை கூற இயலும்.

பூஞ்சையின் இயல்பு

செடிகொடிகளுக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி பூஞ்சைகளாலும் பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்களாலும் வருவது. பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. ஆதலால், தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. பிறவற்றைச் சார்ந்தே அது வாழ வேண்டும். மிளகாய்ப் பழத்தில் குழிந்து கருத்துத் தோன்றும் புள்ளி, பூசணி இலைமேல் மாவு தூவியதுபோல் படியும் சாம்பல் நோய், ரோஜா இலையைப் பழுக்கவைத்து உதிர்க்கும் கரும்புள்ளி, நேற்று நிமிர்ந்து நின்ற இளநாற்றை இன்று காலையில் தண்டடி நைந்து சாயச் செய்யும் நாற்றழுகல் ஆகியவை மலேசிய நாட்டுத் தோட்டங்களில் எவரும் காணக்கூடியவை.

இவற்றைக் கண்டவன், பூஞ்சையினம் முழுவதுமே தீயது என்று முடிவு கட்டிவிடக்கூடும். அது பிழையான முடிவு. உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மக்கச்செய்து மண்ணுக்கு உரமாக்குபவை பூஞ்சைகளே. பல மரங்களின் வேர்களோடு கூடி வாழ்ந்து, மண்ணிலுள்ள சத்தை அவற்றுக்கு எடுத்துக் கொடுப்பவையும் பூஞ்சைகளே. ரொட்டி மாவைப் பொங்கவைப்பது ஒரு பூஞ்சை. 1928ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான். நோய் செய்வன இவ்வினத்தில் ஒரு பகுதியே.

மற்றொன்றையும் இங்குக் கருத வேண்டும். பூஞ்சை தன் இனத்தைப் பெருக்குவது நுண்வித்துகளால். கண்ணுக்குத் தெரியாத இத்துகள்கள் காற்றில் மிதக்கின்றன. மழைத்துளி தெறிக்கும்போது மண்ணிலிருந்து இலைக்குத் தாவுகின்றன. கத்தியிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி செல்கின்றன. பூஞ்சையின் வித்து அறவே இல்லாத தோட்டம் எங்கும் இல்லை. ஆகவே, தீங்கின் வித்தை உலகத்திலிருந்து ஒழித்துவிட்ட பிறகுதான் நல்ல தோட்டம் அமையும் என்று காத்திருப்பவன் ஒருநாளும் ஒரு மிளகாயும் பறிக்க மாட்டான். வித்து இருக்கவும் நோய் வராமல் காப்பதே தோட்டக்கலை.

மூன்றும் கூடினால் நோய்

வித்து எங்கும் இருக்கிறது என்றால் எல்லாச் செடிகளும் ஏன் நோயுறுவதில்லை? தாவர நோயியல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. நோய் என்பது மூன்று கூறுகள் ஒன்றுகூடும்போது மட்டுமே தோன்றும். தாக்கும் பூஞ்சை, அதற்கு இடங்கொடுக்கும் தன்மையுள்ள செடி, அத்தாக்குதலுக்கு ஏற்ற சூழல் என்பவை அம்மூன்று. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நோய் இல்லை.

சூழல் என்பதில் முதலிடம் பெறுவது ஈரம். பெரும்பாலான பூஞ்சைகளின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய வேண்டுமானால், இலையின் மேல் சில மணி நேரமாவது நீர்ப்படலம் இருக்க வேண்டும். காற்றும் வெயிலும் இலையை விரைவில் உலர்த்திவிட்டால் முளைவிட்ட வித்து அங்கேயே மடிந்துபோகும். சாம்பல் நோய் மட்டும் இதற்கு விலக்கு. அது இலை நனையாமலேயே பரவும். எனினும் நிழலும் நெருக்கமும் அதற்கும் துணை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும் பகுதிகளே மிகுந்த மலேசியாவில், இலை உலர்வதற்கு வழி செய்வதே தோட்டக்காரனின் தலையாய பணி ஆகிவிடுகிறது.

இங்கேதான் அறம் பற்றிய முதல் வினா எழுகிறது. இலையில் புள்ளி விழுந்தால் குற்றம் யாருடையது? காற்றில் வரும் வித்து எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. செடியோ தான் நிற்கும் இடத்தைத் தானே தேர்ந்துகொண்டதன்று. இரண்டடி இடைவெளி வேண்டிய செடியை ஓரடியில் நட்டவன் யார்? அந்தி நேரத்தில் இலைமேல் நீரைக் கொட்டி இரவெல்லாம் நனைய விட்டவன் யார்? நீர் தேங்கும் பள்ளத்தில் பாத்தி அமைத்தவன் யார்? மூன்று கூறுகளுள் மனிதனின் கைக்கு மிகுதியாக எட்டுவது சூழல் ஒன்றே. எனவே, நோய் தோன்றும்போது முதல் கேள்வி செடியை நோக்கி எழுவது முறையாகாது. பாத்தியை அமைத்த கையை நோக்கியே எழ வேண்டும்.

வரலாறும் இதனையே சொல்கிறது. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. அத்தோட்டங்களின் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தமிழர்கள். மார்ஷல் வார்டு என்னும் ஆய்வாளர் 1880 முதல் 1882 வரை அங்குத் தங்கி அந்நோயை ஆராய்ந்தார். காடழித்த மலைச்சரிவு முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பது அவர் ஆய்வு உணர்த்திய உண்மை. அடுத்த சில ஆண்டுகளில் காப்பி வீழ்ந்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது.

அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை அழுகச் செய்த நோய் இதனினும் பெரிய பாடம். பூஞ்சையை ஒத்த ஒரு நுண்ணுயிரே அந்நோய்க்குக் காரணம் என்பதைப் பின்னர் அந்தோன் தெ பாரி என்னும் ஜெர்மானிய அறிஞர் நிறுவினார். அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். ஆயினும், அந்த ஆண்டுகளிலும் அத்தீவிலிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தன. நிலமற்ற ஏழைகள் ஒரே கிழங்கை, அதிலும் பெரும்பாலும் ஒரே வகையை நம்பி உயிர்வாழும்படி ஆக்கியது அந்நாட்டு நிலவுடைமை முறை. கிழங்கை அழித்தது நோய்தான். பத்து இலட்சம் உயிர்களின் பழியையும் நோயின் மேலேயே போட்டுவிட முடியுமா?

காக்கும் கை

வருமுன் காத்தல் என்னும் தொடர் தமிழர் நாவில் எளிதாக வருகிறது. தோட்டத்தில் அத்தொடருக்குப் பொருள் என்ன என்பதை ஒரு பள்ளித் தோட்டத்தை வைத்துப் பார்க்கலாம்.

காப்பு விதையிலேயே தொடங்குகிறது. புள்ளி விழுந்த மிளகாய்ப் பழத்திலிருந்து எடுத்த விதை நோயைத் தன்னோடு சுமந்து வரும். ஆதலால் நோயற்ற செடியின் நல்ல பழத்திலிருந்தே விதை எடுக்க வேண்டும். நாற்றுக்குப் பழைய பாத்தி மண்ணைப் போடாமல், நீர் வடியும் புதிய மண்கலவையைப் போட வேண்டும். விதையை நெருக்கித் தூவக் கூடாது. நடும்போது, இன்று சிறிதாக இருக்கும் நாற்று நாளை விரிக்கும் கிளைகளுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். மிளகாய், கத்தரி, தக்காளி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றை எடுத்த பாத்தியில் மற்றொன்றை உடனே நட்டால், மண்ணில் தங்கிய நோய்க்கு விருந்து வைத்ததாகும். அடுத்த பருவத்தில் அங்கே கீரையோ பயறோ வளரட்டும்.

நீரைக் காலையில் ஊற்ற வேண்டும். இலைமேல் ஊற்றாமல் வேரடியில் ஊற்ற வேண்டும். மண்மேல் காய்ந்த புல்லைப் பரப்பினால் மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்க விடாது. செடி நனைந்திருக்கும்போது அதனிடையே புகுந்து வேலை செய்யக் கூடாது. ஈரக் கையே நோயைக் கொண்டுசெல்லும் வண்டியாகிவிடும். உதிர்ந்த இலையையும் அழுகிய காயையும் செடியடியில் விடாமல் நாள்தோறும் பொறுக்க வேண்டும். நோய்ப்பட்ட கிளையை வெட்டிய கத்தியைச் சாராயத்தால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும். உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் இலை கொழுகொழுவென்று வளரும். அம்மென்மையே பூஞ்சைக்கு வாசலாகும்.

இவற்றுள் எதுவும் அரிய செயலன்று. நான்காம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடியவையே. ஆனால் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும் என்பதில்தான் இதன் அருமை இருக்கிறது. மூன்று நாள் மறந்தால் நான்காம் நாள் தோட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்ததை மட்டும் அது எவருக்கும் காட்டுவதில்லை.

காணப்படாத நன்மை

நோய் வந்த பிறகு மருந்தோடு வருபவனை ஊர் பாராட்டுகிறது. நோய் வராமல் காத்தவனை எவரும் பாராட்டுவதில்லை. பாராட்டுவதற்குக் கண்முன்னே எதுவும் நிகழவில்லையே! இப்படிப் பயனடைந்தவரே அறியாத ஒரு நன்மையின் கதை, மலாயாத் தமிழரின் வாழ்விலேயே இருக்கிறது.

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. அங்கே அது பிற மரங்களிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக வளர்ந்தது. அதன் இளந்தளிரைக் கருகச் செய்யும் பூஞ்சை நோய் ஒன்றும் அக்காட்டிலேயே உண்டு. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்று அதனை அழைப்பர். மரங்கள் விலகி நின்ற வரையில் அந்நோய் பேரழிவு செய்யவில்லை. 1928ஆம் ஆண்டில் அமெரிக்கக் கார்த் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு, பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாந்தியா என்னும் பெருந்தோட்டத்தைத் தொடங்கினார். மரங்கள் அணியணியாக நெருக்கி நடப்பட்டன. கிளையோடு கிளை தொட்டபோது நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1934இல் பெல்தெரா என்னும் இடத்தில் மீண்டும் முயன்றனர். நோய் அங்கும் தொடர்ந்தது. 1945இல் பெருநட்டத்தோடு இரு தோட்டங்களும் பிரேசில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

அதே மரம் மலாயாவில் செழித்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அவற்றின் வழியே 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. மரம் கடல் கடந்தது; அந்த இலைக்கருகல் நோய் கடக்கவில்லை. அந்நோய் இன்றளவும் மலேசியாவில் கால் வைக்காமல் இருப்பதற்கு, தாவரங்களின் வரவைக் கண்காணிக்கும் காப்பு விதிகளும் ஒரு காரணம். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழர்களின் பல தலைமுறை வாழ்வு, வராத ஒரு நோயின் மேல் நின்றது. அவர்களுக்கு வேறு துன்பங்கள் எத்தனையோ இருந்தன. அந்த ஒரு துன்பம் மட்டும் வரவில்லை. துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளிருந்த செடியைத் திருப்பி அனுப்பிய அலுவலர் யார் என்று அவர்களுள் ஒருவரும் அறிந்திருக்க மாட்டார்.

காத்தலின் அறத்தன்மை இங்கேதான் விளங்குகிறது. புகழ் வரும் என்று செய்யப்படும் நற்செயலில் சிறிதளவேனும் வாணிபம் கலந்திருக்கும். காப்புப் பணியிலோ அதற்கு இடமே இல்லை. பயன் பெறுபவன் பயன் பெற்றதை அறியான். செய்தவனுக்கும் தன் செயலால்தான் நோய் வரவில்லை என்று மெய்ப்பிக்க வழியில்லை. எனினும் அவன் மறுநாளும் இலை பொறுக்குகிறான். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அதிலுள்ள பத்துக் குறள்களில் பெரும்பாலானவை அளவறிந்து உண்பதைப் பற்றியவை. நோய் கண்டபின் மருத்துவன் செய்ய வேண்டியது இறுதியில்தான் வருகிறது. வள்ளுவரின் வரிசை முறையே ஒரு கருத்தாகும்.

மருந்தின் இடம்

அதனால் மருந்து வேண்டாம் என்பதாகாது. பிரான்சு நாட்டின் மெதோக் பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறித்து உண்ணாதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளின் மேல் தெளித்து வைத்தனர். அப்பூச்சுப் பெற்ற கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காததைப் பேராசிரியர் மிலார்தே கண்டார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். போர்டோ கலவை என்று இன்றும் வழங்கும் மருந்து அவ்வாறு பிறந்தது. நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு.

ஆனால் அம்மருந்து வேலை செய்யும் முறையை நோக்க வேண்டும். அது இலைமேல் படலமாகப் படிந்து, வந்து விழும் வித்தை முளைக்கவொட்டாமல் தடுக்கிறது. இலைக்குள் புகுந்துவிட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்வதில்லை. மருந்து என்று பெயர் பெற்ற அதுவும் உண்மையில் ஒரு காப்பே. அளவு மீறினால் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவுக்குத் தீங்காகும்.

பிற்காலத்தில் இலைக்குள்ளேயே ஊடுருவிச் செல்லும் மருந்துகள் வந்தன. 1960களின் இறுதியில் வந்த பெனோமில் என்னும் மருந்தை உழவர்கள் பெரிதும் நம்பினர். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்ததன் விளைவு சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. மருந்துக்கு அஞ்சாத பூஞ்சைகள் மட்டும் பிழைத்துப் பெருகின. மருந்து பல இடங்களில் பயனற்றுப் போயிற்று. நாள்தோறும் ஒரே பிரம்பை எடுக்கும் ஆசிரியர்க்கு இச்செய்தியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

களைய வேண்டிய வேளை

இவ்வளவு கூறியபின், செடியைப் பிடுங்கவே கூடாது என்று முடித்தால் அது நேர்மையாகாது. களைய வேண்டிய வேளை உண்டு. அறிந்த தோட்டக்காரன் அதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறான். முதலில் நோய் கண்ட இலையைக் கிள்ளுகிறான். நிற்காவிட்டால் கிளையை வெட்டுகிறான். வேரே அழுகிவிட்டது, இனிச் செடி தேறாது, அது நிற்கும் ஒவ்வொரு நாளும் வித்துகள் பெருகுகின்றன என்று கண்ட பிறகே முழுச் செடியையும் எடுக்கிறான்.

அவ்வேளையில் தயங்குவது கருணை போலத் தோன்றும். இன்னும் நான்கு காய் காய்க்கட்டுமே என்று நெஞ்சம் இரங்கும். ஆனால் பூஞ்சையின் வித்து வேலியை அறியாது. தன் செடியின் நான்கு காய்க்காக அடுத்த வீட்டுக்காரரின் நாற்பது செடிகளை இடருக்கு உள்ளாக்குபவன், தன் அன்புக்கு உரிய விலையைப் பிறர் தலையில் சுமத்துகிறான். அதனால்தான் பிடுங்கிய செடியை வாய்க்காலில் எறிவதோ, வேலிக்கு அப்பால் வீசுவதோ தகாது. பையில் கட்டி அப்புறப்படுத்தவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். தன் தோட்டத்தைத் தூய்மையாக்கிப் பிறர் தோட்டத்தைக் கெடுப்பவன் நோயைத் தடுத்தவனாக மாட்டான். இடம் மாற்றியவனே ஆவான்.

பிடுங்குவதோடு வேலை முடிவதும் இல்லை. வாழையை வாட்டும் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு தங்கும். ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளை வேர்நோயால் பட்ட மரத்தின் அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்டால், அங்கிருந்து அது அடுத்த மரத்தின் வேருக்கு ஊர்ந்து செல்லும். மண்ணையும் நீரையும் இடைவெளியையும் சீர்செய்யாமல் அதே குழியில் நட்ட புதுச்செடி, பழைய செடியின் வழியிலேயே செல்லும். களைந்தவன் குழியைப் பார்க்கத் தவறினால், ஆண்டுதோறும் களைந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

செடியும் மாணவனும்

இனி, கூடைப் பழத்தின் வாதத்திற்குத் திரும்பலாம். தோட்டத்தில் களைதல் சில வேளைகளில் கடமையாகிறது என்பது உண்மை. அந்த உண்மை வகுப்பறைக்கும் செல்லுமா?

செல்லாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, செடி தோட்டக்காரனின் பயனுக்காக நடப்பட்டது. அவன் விருப்பமே அதன் இருப்புக்குக் காரணம். மாணவனோ ஆசிரியரின் பயனுக்காகப் பிறந்தவனல்லன். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்காகவும் பிறந்தவனல்லன். அவன் வாழ்வு அவனுக்கே உரியது. விளைச்சலைக் கணக்கிட்டுச் செடியை விலக்கலாம். மனிதனை விலக்குவதற்கு அக்கணக்கு உதவாது.

இரண்டாவது, புள்ளி விழுந்த இலைப்பகுதி மீண்டும் பசுமை அடைவதில்லை. செடி புதுத் தளிர் விடலாம்; பட்ட இடம் பட்டதுதான். மனித மனத்திற்கு அந்த விதி இல்லை. பன்னிரண்டு வயதில் முரடனென்று பெயர் எடுத்தவன் முப்பது வயதில் ஊர் மதிக்கும் பெரியவனாக நிற்பதைக் காணாத ஆசிரியர் இருக்க முடியாது. வேர் அழுகிவிட்டது என்று செடியைத் தோண்டிப் பார்த்துச் சொல்லலாம். பிள்ளையின் வேரை எந்த ஆசிரியர் தோண்டிப் பார்த்தார்?

மூன்றாவது காரணம் எல்லாவற்றினும் வலியது. பிடுங்கிய செடியைப் புதைத்துவிடலாம். பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட மாணவன் எங்கே போவான்? அதே ஊரில், அதே குடியிருப்பில், அதே பிள்ளைகள் மாலையில் விளையாடும் திடலில்தான் நிற்பான். காலையில் அவனைக் கவனிக்க ஓர் ஆசிரியராவது இருந்தார். இப்பொழுது அவரும் இல்லை. பலரைக் காப்பதாக எண்ணிச் செய்த செயல், நோயுற்ற செடியை வேலிக்கு அப்பால் வீசுவதற்கு ஒப்பாகிறது. தோட்டத்திலேயே தகாத செயல் பள்ளியில் எவ்வாறு தகும்?

பிற மாணவரை அடித்துத் துன்புறுத்தும் பிள்ளையைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. அடி வாங்கும் பிள்ளைக்கும் காப்புத் தேவை. அவன் கண்ணீரை மறந்து பேசப்படும் கருணை பொய்க் கருணை. அதற்கும் தோட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த செடியையும் ஐயத்திற்கு இடமான செடியையும் சிறிது காலம் தனியே ஒரு மேடையில் வைப்பார்கள். தனியே வைத்த அச்செடிக்கு நீர் நிறுத்தப்படுவதில்லை. மற்றச் செடிகளைவிட அதனை அடிக்கடி சென்று பார்ப்பார்கள். தேறியதும் பாத்திக்குக் கொண்டுவருவார்கள். பிரித்து வைத்தல் வேறு, கைவிடுதல் வேறு. கூடுதல் கவனத்தோடு பிரித்து வைப்பவர் இரு பிள்ளைகளையும் காக்கிறார். கைவிடுபவர் இருவரையும் இழக்கிறார்.

ஆகவே, தோட்டம் பள்ளிக்குத் தரும் பாடம் களைதலில் இல்லை. மூன்று கூறுகளைப் பற்றிய அறிவில் இருக்கிறது. தீமையின் வித்து எந்தப் பள்ளியின் வேலியாலும் நிற்காது. அது தெருவிலும் இருக்கிறது, திரையிலும் இருக்கிறது, இன்று கைப்பேசியிலும் இருக்கிறது. பிள்ளையின் இயல்பு வீட்டிலிருந்து வருகிறது. ஆசிரியரின் கைக்கு எட்டுவது சூழல். நெருக்கடியான வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட இடமில்லை? எந்தப் பிள்ளையின் மேல் வெளிச்சம் விழுவதே இல்லை? எவன்மேல் ஏச்சு அளவின்றிக் கொட்டப்படுகிறது? காலை உணவின்றி வருபவன் யார்? கடைசி வரிசையில் நான்கு திங்களாகப் பேசாமல் அமர்ந்திருப்பவன் யார்? இவற்றை நாள்தோறும் பார்ப்பது இலை பொறுக்கும் வேலையைப் போன்றது. இதற்குப் பரிசளிப்பு விழாவில் கேடயம் கிடையாது. பார்வையிட வரும் அதிகாரியின் குறிப்பேட்டிலும் இதற்கு ஒரு வரி இராது. ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒன்றும் நிகழவில்லை என்பதே இதன் விளைச்சல்.

பயிற்சி பெறும் இளைய ஆசிரியர்களும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களும் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. அழுகிய பழம் மற்றப் பழங்களைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பழம் மரத்திலிருந்து அழுகி வந்ததா, ஈரக் கூடையில் அமுக்கி அடுக்கியதால் அழுகியதா என்பதை எவரும் கேட்பதில்லை. கூடைப் பழத்தைச் சான்று காட்டுபவர், அதை அடுக்கிய கை யாருடையது என்பதையும் உடன் கேட்பாராக.